தேர்ந்த கைக்கு ஒரு பாலபாடம்

இருபது, முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவர்களிடம் ‘சமைத்துப் பார்’ சமையல் புத்தகத்தை எடுத்து நீட்டினால், “அது கல்யாணமாகிப் போற பொண்ணுங்களுக்குத்தானே?” என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் முதல் பாகத்தை வெளியிட்டபோது மனதில் வைத்திருந்தது அந்தப் புதுப்பெண்களைத்தான். சொந்தக்காரப் பெண்கள் குறிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எழுதி எழுதிக் கொடுத்ததைப் புத்தகமாகவே போடச் சொன்னவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: நன்றாகச் சமைக்கத் தெரிந்தவருக்கே இந்தப் புத்தகத்தால் லாபம் அதிகம்.

கை பழகப் பழக, சமையல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சாம்பார்ப் பொடி டப்பா எட்டும் தூரத்தில் இருக்கிறது. கூட்டிலும் ஒரு சிட்டிகை விழுகிறது, பொரித்த குழம்பிலும் விழுகிறது. அரைத்துவிடுவது எதுவானாலும் அதே தேங்காய், அதே மிளகாய், அதே தனியா. வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை, ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமைக் குழம்புக்கும் வியாழக்கிழமைக் குழம்புக்கும் காய் ஒன்றுதான் வித்தியாசம் என்றாகிவிடும். புதிதாகச் சமைப்பவருக்கு இந்த வியாதி வராது, அவருக்குப் பழக்கமே இன்னும் உண்டாகவில்லையே. அனுபவசாலிக்குத்தான் யாராவது பக்கத்தில் நின்று “இதில் அது கிடையாது” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மீனாட்சி அம்மாள் அதைச் சொல்கிறார்.

பொரித்த குழம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் புத்தகத்தின் உயிரே அந்தப் பக்கத்தில்தான் இருப்பதாகப் படும். புடலங்காயோ அவரைக்காயோ போட்டு, பயத்தம்பருப்பைக் குழைய விட்டு, உளுத்தம்பருப்பும் மிளகும் மிளகாய் வற்றலும் பெருங்காயமும் வறுத்துத் தேங்காயோடு அரைத்துவிடுகிற குழம்பு. புளியைத் தொடவே கூடாது. புளியில்லாத குழம்பு சோகையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு கோலியளவு கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். அங்கேயே மிளகின் கதை முடிந்தது. மிளகின் காரம் நாக்கு நுனியில் நிற்பதில்லை, விழுங்கியபின் தொண்டையில் மெல்ல ஏறும். புளிப்பு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டால் அது தெரியாமலே போய்விடும். உளுத்தம்பருப்பு விஷயம் இன்னும் நுட்பம். பொன்னிறத்துக்கு ஒரு மாற்று குறைவாக எடுத்தால் அரைத்தது வழவழக்கும், குழம்பில் மாவு வாசனை அடிக்கும். ஒரு மாற்று கூடினால் கசப்பு. வறுக்கும்போது தேங்காயைக் கடைசியில் போட்டு, சூடு ஏறியதும் இறக்கிவிட வேண்டும். அரைத்ததைக் கலந்தபிறகு ஒரு கொதி போதும். கொதிக்கவிட்டுக்கொண்டே இருந்தால் இறுகிக் கூட்டாகிவிடும். சாதத்தில் நெய்விட்டுப் பிசைந்து, பக்கத்தில் புளிப்பாக ஒரு தயிர்ப்பச்சடி. குழம்பில் இல்லாத புளிப்பு இலையில் வேறெங்காவது இருக்க வேண்டும் என்பது தெரிந்து போட்ட ஜோடி அது.

என் பெரியம்மா மத்தியான வேளையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாரப் பத்திரிகைத் தொடர்கதையைப் படிக்கிற சிரத்தையோடு இந்தப் புத்தகத்தைப் படிப்பார். பந்திக்கே சமைத்துப் போட்டவர். “இதுக்கு எதுக்கு இவ்வளவு மிளகு?” என்று புத்தகத்தோடு சண்டை போடுவார். மறுநாள் அந்த அளவுப்படியே செய்து பார்ப்பார். பிடித்தால் ஒன்றும் பேசமாட்டார். அடுத்த முறையும் அதே ருசி வந்தால் நாங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான். கற்றுக்குட்டிகளின் புத்தகம் தேர்ந்த கைக்கு ஏற்றதா என்று தீர்மானிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அவருடைய வழிதான். புதுப் பண்டத்தைத் தேடாதீர்கள். தினம் செய்வதைத் திறந்து, அது சொல்கிறபடி ஒரு முறை செய்யுங்கள். உங்களுக்கும் அதற்கும் எந்த இடத்தில் தகராறு வருகிறதோ, அங்கேதான் புத்தகத்தின் தரம் தெரியும். தகராறே வராவிட்டால் அது உங்களுக்கு வேண்டாம்.

பழைய பதிப்புகளில் அளவெல்லாம் ரூபாய் எடை, பலம், ஆழாக்கு. மெட்ரிக் சட்டம் வந்ததே 1956-இல்தானே. பலருக்கு இது தொல்லை. எனக்கு இதுதான் பெரிய கவர்ச்சி. ‘எலுமிச்சையளவு புளி’ என்று எழுதிவிட்டால் எழுதியவருக்கு வேலை முடிந்தது, எந்த ஊர் எலுமிச்சை என்று படிப்பவர் தவிக்க வேண்டும். ஒரு ரூபாய் எடை என்றால் ஏறத்தாழ 11.66 கிராம், தராசில் வைத்தால் தீர்ந்தது. அந்த நிறுவையை முதல் தடவை பார்க்கும்போது ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். கைக்குப் பழகிப்போன உருண்டை எவ்வளவு பெருத்துவிட்டது என்பது அப்போதுதான் விளங்கும். அதற்குமேல் பழம்புளியா புதுப்புளியா, கோது நாரெல்லாம் எடுத்ததா என்று பார்த்து ஏற்றி இறக்குவது சமைப்பவர் பொறுப்பு. அதற்குத்தான் அனுபவம் இருக்கிறது. புதுப்பெண் எடையைப் பின்பற்றுவார்; தெரிந்தவர் அந்த எடையிலிருந்து விகிதத்தைப் படித்துக்கொள்வார்.

கைப்பக்குவத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். முழு நியாயமாக இருந்தால் ஒரு பாட்டி போனதும் அந்த வீட்டு ரசமும் கூடவே போயிருக்க வேண்டும். போனதும் உண்டு, அளவு எழுதி வைத்த வீடுகளில் முக்கால்வாசியாவது மிஞ்சியிருக்கிறது.

இப்போது வரும் சமையல் புத்தகங்களைப் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், கொத்தமல்லித் தழை தூவிய பளபளப்பு. உப்பு ‘தேவையான அளவு’, எண்ணெய் ‘தேவையான அளவு’, தண்ணீரும் அப்படியே. சாமான் பட்டியலில் சாம்பார்ப் பொடி என்று ஒரு வரி இருக்கும், அந்தப் பொடியில் எது எவ்வளவு என்று புத்தகம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. குக்கரில் மூன்று விசில் என்கிறார்கள். எந்தப் பருப்புக்கு, எத்தனை நேரம் ஊறியதற்கு? பட்டியலில் இருந்த பெருங்காயம் செய்முறையில் காணாமல் போய்விடுகிறது. எழுதியவர் ஒரு தடவையாவது அடுப்பில் வைத்துப் பார்த்திருந்தால் இது நடக்குமா? இவற்றைத் தொடக்கநிலைப் புத்தகம் என்று சொல்லி விற்கிறார்கள். தொடங்குகிறவருக்குத்தான் இது பெரிய அநியாயம்; தெரிந்தவராவது ஓட்டையை அடைத்துக்கொள்வார்.

மீனாட்சி அம்மாளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது சைவ அடுப்பு, அதிலும் பிராமண வீட்டு அடுப்பு. அயிரைமீன் குழம்பிலும் கறிக்கோலாவிலும் தேர்ந்தவர் இதில் தன் ருசியைத் தேடினால் ஏமாந்துதான் போவார். அவர்களும் பொரித்த குழம்பை ஒரு முறை செய்து பார்க்கலாம்; மிளகு அவர்களுக்கு அந்நியமில்லை.

வாங்க முடிவு செய்தவர்கள் முதல் பாகத்தில் குழம்பு, ரசம், கூட்டிலிருந்து ஆரம்பியுங்கள், பட்சணம் பின்னால் வரட்டும். கிடைத்தால் பழைய பதிப்பாகப் பாருங்கள். ஒரு சின்னத் தராசையும் கூடவே வாங்கிவிடுங்கள். கிராம் சுத்தமாகக் காட்டுவதாக இருக்கட்டும், ஐந்து ஐந்தாகத் தாவுகிற தராசு புளிக்கு உதவாது.