ஈனியாஸின் மூக்கு

ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தபோது பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றி எனக்குக் கிடைத்தது ஒன்றரைப் பக்க நோட்ஸ்தான். ஒழுங்கு, அளவு, பகுத்தறிவு, ரோமானியர்களைப் பார்த்து எழுதுவது. அதனாலதான் அது 'அகஸ்டன் காலம்'. அவ்வளவுதான். ஈரடிக்கு ஈரடி இயைபு போட்டு ஓடுகிற கவிதைகள் மேல் எரிச்சல்தான் மிஞ்சியது. பழசைப் பார்த்துப் போலச்செய்கிறவன் அதிகாரத்தின் ஆளாகத்தான் இருப்பான் என்று நண்பர்கள் நாங்கள் முடிவுகட்டியிருந்தோம். அந்த முடிவை நான் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது, முழுசாக இல்லாவிட்டாலும்.

டிரைடன் 1697இல் வர்ஜிலின் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். கத்தோலிக்கரான அவர் 1688 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, அரசவைக் கவிஞர் பதவியை இழந்தவர். நூலைப் புதிய அரசர் மூன்றாம் வில்லியமுக்குச் சமர்ப்பிக்கும்படி பதிப்பாளர் ஜேக்கப் டான்சன் வற்புறுத்தினார். டிரைடன் மறுத்துவிட்டார். டான்சன் சும்மா இருக்கவில்லை. பழைய பதிப்பொன்றின் படத்தகடுகளை எடுத்து, காவிய நாயகன் ஈனியாஸுக்கு வில்லியமின் வளைந்த மூக்கைச் செதுக்க வைத்தார். ரோம் யாருக்குச் சொந்தம் என்கிற சண்டை ஒரே புத்தகத்துக்குள் நடந்திருக்கிறது. படம் அரசர் பக்கம் நிற்க, கவிஞர் அந்தப் பக்கம் போக மறுத்தார்.

நாற்பது வருஷம் கழித்து அந்தச் சண்டை இன்னும் நுட்பமாகிறது. ஹோரேஸ் அகஸ்டஸ் சீசருக்கு எழுதிய கவிதைக் கடிதத்தை அலெக்ஸாண்டர் போப் 1737இல் தழுவி எழுதினார். அப்போதைய அரசர் இரண்டாம் ஜார்ஜின் பெயர் ஜார்ஜ் அகஸ்டஸ். ஹோரேஸ் புகழ்ந்தது போலவே போப்பும் புகழ்கிறார். கவிதையை மதிக்காதவர் என்று பேர் வாங்கிய ஓர் அரசர் மேல் அந்தப் புகழ் விழும்போது அதுவே வசையாகிவிடுகிறது. போதாததற்கு அகஸ்டஸே அன்றைக்குச் சர்ச்சைக்குரிய ஆள். டாசிட்டஸைப் படித்த பலருக்கு அவர் குடியரசைக் கொன்றவர். ஹோவர்ட் வைன்ப்ராட் 1978இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

இந்த மறைமுகப் பேச்சுக்குக் காரணம் உண்டு. போப்பும் கத்தோலிக்கர். சட்டப்படி அவருக்குப் பல்கலைக்கழகம் கிடையாது. லண்டனுக்குப் பத்து மைல் சுற்றளவில் வசிக்கவும் தடை. அதே 1737இல்தான் வால்போல் அரசு நாடகங்களை முன்தணிக்கைக்கு உட்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தத் தணிக்கை 1968 வரை நீடித்தது. மறு வருஷம் ஜான்சன், ஜுவனலின் மூன்றாம் அங்கதத்தைத் தழுவி 'லண்டன்' எழுதினார். மூலத்தின் லத்தீன் வரிகளையும் பக்கத்தின் அடியில் அச்சிடச் செய்தார். ரெண்டையும் சேர்த்துப் படி, வித்தியாசம் எங்கே என்று நீயே பார் என்பதுதான் வாசகருக்கு விடப்பட்ட அழைப்பு.

எனக்கு இடறுகிற இடமும் இதுதான். அந்த வித்தியாசத்தை முழுசாகப் பார்க்க லத்தீன் வேண்டும். லத்தீன் வேண்டுமானால், அநேகமாக வசதியுள்ள வீட்டு ஆண்பிள்ளையாகப் பிறந்திருக்க வேண்டும். முகமூடி சொன்னவரைக் காப்பாற்றியது சரி, எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தியது?

வில்ட்ஷயரில் கதிரடித்துப் பிழைத்தவர் ஸ்டீபன் டக். 1730இல் வெளிவந்த 'கதிரடிப்பவனின் உழைப்பு' என்ற கவிதையில், முடியவே முடியாத தன் வேலையைப் பாறை உருட்டும் சிசிஃபஸின் தண்டனையோடு ஒப்பிட்டார். அதே ஜார்ஜின் ராணி கரோலின் அவருக்கு உதவித்தொகை கொடுத்தார். ஸ்விஃப்ட் அவரை நக்கலடித்தார். ஆனால் டக்கும் தன் பங்குக்கு, வயலில் வேலைசெய்யும் பெண்களை வாயாடிகள் என்று கேலி செய்திருந்தார். பதில் 1739இல் வந்தது. எழுதியவர் மேரி கோலியர். துணி வெளுத்துப் பிழைத்தவர், பள்ளிக்கூடம் அனுப்பப்படாதவர். உனக்குச் சிசிஃபஸ் என்றால் எங்களுக்கு டானாவுஸின் பெண்மக்கள் என்கிறார். ஓட்டைப் பாத்திரத்தில் ஓயாமல் தண்ணீர் ஊற்றும்படி தண்டிக்கப்பட்டவர்கள் அவர்கள். விடியுமுன் எழுந்து அடுத்தவர் வீட்டுத் துணிக்குத் தண்ணீர் சுமக்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான தொன்மம் கிடைக்காது.

கோலியர் செய்ததும் போலச்செய்தல்தான். போப் அரசரை நோக்கிச் செய்ததை அவர் தன் வர்க்கத்து ஆணை நோக்கிச் செய்தார், லத்தீன் இல்லாமலே. பழசு யார் கையில் இருக்கிறது, யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கேட்காமல் அதை வெறும் அடிமைத்தனம் என்று தள்ளிவிட்டோம். நாங்கள் படித்த நோட்ஸில் கோலியர் பெயரே கிடையாது.