வழிகாட்டியின் இலக்கணம்

தமிழில் பயணக் கட்டுரையை யாரும் விமர்சனத்திற்கு எடுத்துக்கொள்வதில்லை. நாவலின் வடிவம் பற்றியும் புதுக்கவிதையின் படிமம் பற்றியும் நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறோம். பயணக் கட்டுரையை மட்டும் வாரப் பத்திரிகைகளுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டோம். மணியன் ஆனந்த விகடனில் எழுதிய ‘இதயம் பேசுகிறது’ தொடரின் செல்வாக்கு எப்படிப்பட்டது என்றால், அந்தத் தலைப்பிலேயே பின்னால் ஒரு வாரப் பத்திரிகை நடந்தது. இதை எண்ணிக்கைக்கு மயங்கும் வாசகனின் குறை என்று ஒதுக்குவது நமக்குச் சௌகரியம். என் எண்ணம் வேறு. இத்தகைய கட்டுரையின் வடிவத்தை அதை எழுதுபவன் தீர்மானிப்பதில்லை. அவன் போய்வந்த சுற்றுலாவே அதைத் தீர்மானித்துவிடுகிறது. இத்தனை மணிக்குப் புறப்பாடு, இத்தனை மணிக்கு உச்சம், இத்தனை மணிக்குத் திரும்புதல், நடுவில் எதைப் பார்க்கவேண்டும், எதைப் பார்த்து வியக்கவேண்டும் என்று ஏற்கனவே எழுதி முடிக்கப்பட்ட ஒரு பிரதி அது. பயணி அதைப் படிக்கிறான். ஊருக்கு வந்து அதையே பிரதி எடுக்கிறான்.

ஆகவே சுற்றுலாவையே ஒரு பிரதியாகப் படித்துப் பார்க்கவேண்டும் என்று சில காலமாகத் தோன்றிக்கொண்டிருந்தது. வங்கிக் குமாஸ்தாக்களுக்கு எல்.டி.சி. என்ற ஒரு வசதி உண்டு. அதில் அந்தமான் போவது எங்களிடையே ஏறக்குறைய ஒரு சம்பிரதாயம். 2023 பிப்ரவரியில் நானும் போனேன். போர்ட் பிளேரிலிருந்து பாராடாங் தீவுக்கு, விடிவதற்கு முன் கிளம்பி மாலைக்குள் திரும்பும் ஒருநாள் சுற்றுலா. சுண்ணாம்புக்கல் குகை, சேற்று எரிமலை, அலையாத்திக் காட்டினூடே படகுச் சவாரி: விற்கப்படுவது இவை மூன்றும் என்று காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தில் இல்லாத நான்காவது ஒன்று உண்டு. அதுதான் இந்தப் பிரதியின் மையம்.

அந்தமான் நெடுஞ்சாலை ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு அப்பால் ஜாரவா பழங்குடிக் காப்பகத்தினுள் நுழைகிறது. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் காட்டைக் கடந்து மிடில் ஸ்ட்ரெய்ட் என்ற நீரிணையின் கரையில் வெளியேறுகிறது. வண்டிகள் தனித்தனியாகப் போகமுடியாது. குறித்த நேரங்களில் வரிசையாக, முன்னும் பின்னும் காவலர் வண்டியோடு அனுப்பப்படுகின்றன. அந்த நேரத்திற்காக இருட்டில் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் காத்து நிற்கின்றன. தேநீர், வடை, ஆம்லெட் விற்கும் கடைகள். அடையாள அட்டையின் நகல்களோடு ஓட்டுநர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பெரிய பலகை ஒன்று விதிகளைச் சொல்கிறது. வண்டியை நிறுத்தாதே, முந்தாதே, புகைப்படம் எடுக்காதே, உணவோ துணியோ கொடுக்காதே, ஏற்றிக்கொள்ளாதே.

எல்லாமே எதிர்மறை ஏவல். ஆத்திசூடியிலிருந்து தமிழனுக்குப் பழக்கமான வடிவம்தான். ஆனால் இந்தப் பலகை செய்யும் காரியம் நீதி நூலுடையது அல்ல. எதைச் செய்யக்கூடாது என்பதன் மூலம் எதற்காக வந்திருக்கிறோம் என்பதை அது சொல்லிக் கொடுக்கிறது. எங்கள் வண்டியில் பதினொரு பேர். பலகையைப் படிக்கும்வரை குகையைப் பற்றியாவது இரண்டொரு வார்த்தை பேச்சிருந்தது. படித்தபின் அதுவும் நின்றுவிட்டது. ‘தெரிவாங்களா?’ என்ற ஒரே கேள்வி. ஓட்டுநர்தான் வழிகாட்டியும். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். அவர் தந்த பதில் இந்தத் தொழிலின் நிரந்தர வாக்கியமாக இருக்கவேண்டும். ‘அதிர்ஷ்டம் இருந்தா பார்க்கலாம் சார்.’

‘அதிர்ஷ்டம்’ என்ற இந்தச் சொல்லை நான் இலேசாக விட்டுவிட விரும்பவில்லை. புலி காப்பகத்தில் சொல்லப்படும் சொல் இது. பார்க்கப்படுவதன் மேல் எந்த உறவும் பொறுப்பும் இல்லாத ஒருவனுக்குத்தான் பார்வை அதிர்ஷ்டமாகக் கிடைக்கும். ஒரு மனிதனைச் சந்திப்பதை நாம் அதிர்ஷ்டம் என்று சொல்வோமானால் அவன் மந்திரியாகவோ நடிகனாகவோ இருக்கவேண்டும். அவனிடம் நமக்குப் பேச்சு உண்டு, குறைந்தபட்சம் கைகூப்பல் உண்டு. இங்கே பேச்சு விலக்கப்பட்டிருக்கிறது. நியாயமான காரணங்களோடுதான் விலக்கப்பட்டிருக்கிறது. பேச்சை விலக்கிய பின்பும் பார்வை மட்டும் டிக்கட்டுக்குக் கிடைக்கிறது என்பதுதான் விஷயம்.

காரணங்களின் சரித்திரம் சுருக்கமாக. 1858ல் ஆங்கிலேயர் கைதிகளின் குடியேற்றத்தை ஆரம்பித்தபோது பெரிய அந்தமானியர் என்று சொல்லப்படும் குழுவினர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். தொற்று நோய்கள், முக்கியமாக 1877ன் தட்டம்மை, அவர்களை அழித்தன. இன்று எஞ்சியிருப்பவர்கள் சில பத்துப் பேர். தொடர்பை ஏற்காமல், வில்லும் அம்புமாக விலகி நின்ற ஜாரவாக்கள் பிழைத்தார்கள். 1957ல் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1970களில் அதன் ஊடாகவே சாலை போடப்பட்டது. அவர்கள் எதிர்த்தார்கள், அம்பு எய்தார்கள். 1997ன் கடைசியில் அவர்களாகவே ஆயுதமில்லாமல் குடியிருப்புகளுக்கு வரத் தொடங்கினார்கள். 1999ல் தட்டம்மை அவர்களிடமும் வந்தது. 2002ல் உச்ச நீதிமன்றம் காப்பகத்தினுள் செல்லும் சாலைப் பகுதியை மூடச் சொன்னது. மூடப்படவில்லை. 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லும் ஒரு படத்துண்டு லண்டன் பத்திரிகை ஒன்றின் மூலம் உலகத்திற்குத் தெரிந்தது. 2013ல் சில வாரங்கள் சுற்றுலா வண்டிகள் நிறுத்தப்பட்டு மறுபடி அனுமதிக்கப்பட்டன. 2011 கணக்கெடுப்பின்படி ஜாரவாக்கள் 380 பேர். ஒரு நாள் காலையில் ஜிர்காடாங்கில் வடை தின்றுகொண்டிருந்தவர்கள் அவர்களைவிட அதிகம்.

‘ஜாரவா’ என்பது அவர்கள் பெயரல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெரிய அந்தமானிய மொழியொன்றில் ‘அந்நியர்’ என்று பொருள்படும் சொல். அவர்கள் தங்களை ‘அங்’ என்கிறார்கள். மனிதர்கள் என்று அர்த்தம். அக்கம்பக்கத்தான் வைத்த பெயரை ஆங்கிலேயன் எழுதி வைத்தான், நாம் பலகையில் தீட்டியிருக்கிறோம். 2018ல் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாயிற்று. ஹாவ்லாக் ஸ்வராஜ் தீவாயிற்று. 2024ல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. அந்நியப் பெயர்களை அழிக்கும் இந்த உற்சாகத்திற்கு, ‘அந்நியர்’ என்றே அர்த்தமுள்ள ஒரு பெயர் மட்டும் உறுத்தவில்லை.

ஆங்கிலம் படித்தவனுக்கு இந்தச் சாலையில் ஞாபகம் வரும் நூல் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’. 1899ல் வெளியானது. நீராவிப் படகிலிருந்து கரையோரக் காட்டைப் பார்க்கும் மார்லோவுக்கு ஆப்பிரிக்க மனிதர்கள் உறுப்புகளாகவும் ஓசைகளாகவும் தெரிகிறார்கள். படகு நகர்ந்துவிடுகிறது. 1975ல் சினுவா அச்செபே இந்த நாவலின் மேல் வைத்த குற்றச்சாட்டு பிரசித்தம். ஒரு கண்டத்தின் மனிதர்களைப் பேச்சில்லாத பின்னணித் திரையாக்கி, அதன் முன்னால் ஒரு ஐரோப்பியனின் மனம் சிதைவதைக் காட்டுகிறான் கான்ராட் என்பது. நான் அச்செபே பக்கம். ஆனால் கான்ராடுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். படகில் இருப்பவன் நிம்மதியாக இல்லை. பார்ப்பவனின் நிம்மதி பறிபோவது அந்த நாவலின் குறைந்தபட்ச நேர்மை. நம் வண்டியில் அந்தக் குறைந்தபட்சமும் இல்லை. ஏனென்றால் விதிகள் இருக்கின்றன. நிறுத்தவில்லை, படம் எடுக்கவில்லை, பிஸ்கட் எறியவில்லை. ஆகவே செய்யக்கூடாததை எதையும் செய்யவில்லை என்ற திருப்தியோடு பார்க்கமுடிகிறது. ஒழுக்கமே பார்வைக்கு உரிமம் ஆகிவிடுகிறது.

பார்க்கப்படும் தரப்பிலிருந்து எழுந்த நூலும் உண்டு. ஜமைக்கா கின்கெய்ட் 1988ல் வெளியிட்ட ‘எ ஸ்மால் ப்ளேஸ்’. தான் பிறந்த ஆன்டிகுவா தீவில் விமானம் விட்டிறங்கும் பயணியை ‘நீ’ என்று முன்னிலையில் நிறுத்தி, அவன் காணும் ஒவ்வொரு அழகின் பின்னாலும் இருப்பதை அவன் முகத்துக்கு நேரே சொல்லும் சிறிய நூல். பார்க்கப்பட்டவர் திரும்பிப் பார்க்கிறார். அதற்கு அவருக்கு ஆங்கிலம் இருந்தது, பதிப்பாளர் இருந்தார், நூலகம் இருந்தது. 380 பேரின் மொழியில் நமக்காக அப்படி ஒரு நூல் வரப்போவதில்லை. அவர்கள் நம்மைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது நம் இலக்கியத்தின் எல்லைக்கு வெளியில் இருக்கிறது. நாம் எழுதுவதற்கு மறுப்பு வராது என்பது நிச்சயம். இந்த நிச்சயம்தான் எழுத்தாளனுக்கு ஆபத்து.

நம் சிறுபத்திரிகை வட்டத்தில் யாரும் தாங்கள் அப்பாற்பட்டவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வாரப் பத்திரிகைக்காரன் ‘ஆதிவாசிகளைப் பார்த்தேன்’ என்று எழுதுவான். நாம் அதே ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு மௌனம், வனம், கருமை, ஆதி என்று நான்கு வார்த்தைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவோம். புதுக்கவிதையில் ‘மௌனம்’ என்ற சொல் படும் பாடு நாம் அறிந்தது. தான் வலிந்து மேற்கொண்ட மௌனத்தைக் கவிஞன் கொண்டாடுகிறான். பேசினால் கேட்க ஆளில்லாதவர்களின் மௌனம் வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழியின் வறுமை அல்ல, பிரக்ஞையின் வறுமை.

இனி குகை. நீரிணையை வண்டி ஏற்றும் படகில் கடந்து, நீலாம்பூர் துறையில் உயிர்காப்பு அங்கி மாட்டி, விசைப்படகில் அரைமணி நேரம். கடைசியில் இருபுறமும் அலையாத்தி கவிந்த குறுகிய கால்வாய். பிறகு வயலும் காடுமாக ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடை. குகையினுள் சுண்ணாம்பு கரைந்த நீர் சொட்டிச் சொட்டி மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் வளர்ந்த கற்கள். ஒரு விரல் நீளம் வளர எத்தனை தலைமுறை என்று யோசித்தாலே போதும். ஆனால் உள்ளூர் வழிகாட்டி டார்ச்சை அடிக்கிறார்: இது பிள்ளையார், இது யானைத் துதிக்கை, இது தாமரை. கூட்டம் ‘ஆமாம், ஆமாம்’ என்கிறது. கல் என்று பார்த்தவர் எவருமில்லை.

இதுதான் சுற்றுலாவின் அணியிலக்கணம். தெரியாததைத் தெரிந்ததன் பெயரால் அழைத்து உடனே கடந்துவிடுவது. நல்ல உவமை இரண்டு பொருள்களையும் மாற்றிவிடும். வழிகாட்டியின் உவமை எதையும் மாற்றாது. வந்தவன் கொண்டுவந்த பிள்ளையாரையே திருப்பிக் கொண்டுபோகிறான். நம் விமர்சனத்தில் பெரும்பகுதி இந்த டார்ச் வெளிச்சம்தான் என்று அங்கே தோன்றியது. இது தமிழின் காஃப்கா, இது தமிழின் லாரன்ஸ், இதோ படிமம், இதோ இருத்தலியல், அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள், நகருங்கள். கல்லின் முன் இரண்டு நிமிஷம் இருட்டில் நின்று, இது எதைப்போலவும் இல்லை என்று சொல்லத் துணிந்த விமர்சகர்கள் நம்மில் எத்தனை பேர்?

பயணக் கட்டுரைக்கு வேறு வழியே இல்லையா? ஏ.கே. செட்டியாரின் உரைநடையைப் பார்க்கலாம். அடைமொழிகள் குறைவு. தான் வியந்தேன் என்று சொல்வதைவிட ஒருவர் என்ன செய்தார், என்ன விலை கேட்டார் என்று சொல்லிவிட்டு ஒதுங்குவார். சிட்டியும் ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யில், தஞ்சை மண்ணில் வளர்ந்த ஜானகிராமன் தனக்குத் தெரிந்த நதியைத் தெரியாததைப்போல் விசாரித்துக்கொண்டு போகிறார். இரண்டிலும் வழியில் எதிர்ப்படுபவருக்குப் பேச இடம் இருக்கிறது. இடம் தருவது பெருந்தன்மை அல்ல, வடிவம் பற்றிய ஒரு முடிவு.

ஆனால் பேச இடம் தரவே முடியாத இடத்தில் என்ன செய்வது? சாலையை மூடிவிட்டால் தீர்ந்தது என்று ஒரு நண்பர் சொன்னார். அவ்வளவு எளிதல்ல. ரங்கட், மாயாபந்தர், டிக்ளிபூர் மக்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அதே சாலைதான். கடல்வழியைப் பெருக்காமல் மூடினால் அவதிப்படுபவர்கள் அவர்கள். ஆனால் நோயாளிக்கும் காய்கறிக்கும் வேண்டிய சாலை, எல்.டி.சி.யில் வரும் நமக்கு வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்வதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை. பாராடாங்குக்குச் சுற்றுலா போகாதீர்கள் என்று நான் இங்கே வெளிப்படையாகவே எழுதுகிறேன். விமர்சனத்தில் இப்படிச் சொல்வது பிரச்சாரம் என்று படுபவர்களுக்குப் படட்டும்.

இவ்வளவு படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அந்த 50 கிலோமீட்டரில் ஜன்னலுக்கு வெளியே யாராவது தெரிந்தார்களா, இல்லையா என்று நான் எழுதவில்லை. எழுதினால் இந்தக் கட்டுரைக்கு ஒரு உச்சம் கிடைத்திருக்கும். அந்த உச்சம் வழிகாட்டி விற்ற அதே சரக்கு. தெரிந்தார்கள் என்றால் உங்களுக்கும் அதிர்ஷ்டம், தெரியவில்லை என்றால் உங்களுக்கும் ஏமாற்றம். இரண்டு உணர்ச்சியும் சாலையினுடையவை.

பயணக் கட்டுரையை மதிப்பிட நான் வைத்துக்கொண்டிருந்த அளவுகோல், எவ்வளவு பார்த்தான், எவ்வளவு நுட்பமாகச் சொன்னான் என்பது. அது போதாது. மறுப்புச் சொல்ல முடியாதவர்களைப் பற்றி எழுதும்போது எதை எழுதாமல் விட்டான், அப்படி விட்ட இடம் வாக்கியத்தில் தெரிகிறதா என்பதையும் கேட்கவேண்டியிருக்கிறது. கதைக்கும் கவிதைக்கும் இதே கேள்வி பொருந்தும்.