பிரித்துத் தைத்த தையல்

பெண் கவிஞர்களின் தொகுப்புகளுடைய பின்னட்டையில் அடிக்கடி ஒரு வாக்கியம் வருகிறது: குடும்பப் பொறுப்புகளுக்கு இடையிலும் தொடர்ந்து எழுதிவருகிறார். ஆண் கவிஞர் ஒருவரின் பின்னட்டையில் இதை நான் பார்த்ததில்லை. பாராட்டாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த 'இடையிலும்' என்ற சொல் இரண்டு காரியங்களைச் செய்கிறது. குடும்பத்தை நடுவில் உட்காரவைத்து, எழுத்தைச் சந்தில் நிறுத்துகிறது. அப்புறம், அந்தச் சந்தில் நின்று எழுதியதையே ஒரு சாமர்த்தியமாகப் புகழ்கிறது.

அமெரிக்கப் பெண்ணியத் திறனாய்வு இந்தச் சந்தை ஓர் அழகியலாகவே வளர்த்தெடுத்த கதை ஒன்று உண்டு. அதன் மையத்தில் இருப்பது கில்ட் எனும் ஒட்டுத்துணிப் போர்வை. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய கில்ட்டுகளை நவீன அரூப ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. அதைத் தொடர்ந்து 1973இல் பாட்ரீஷியா மைனார்டி, இவை யாரோ அறியாமல் செய்துவிட்ட அழகுகள் அல்ல, பெண்கள் தெரிந்தே செய்த கலை என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். 1986இல் எலைன் ஷோவால்ட்டர், துண்டு ஒட்டுவதையும் பெண்ணெழுத்தையும் சேர்த்து வாசித்தார். பெண்களின் நேரம் துண்டுதுண்டானது, ஆகவே அவர்களின் வடிவமும் துண்டுகளால் ஆனது என்ற கருத்து அதன் பிறகு வகுப்பறைகளில் வேரூன்றியது. நானும் பல ஆண்டுகள் அதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போதும் சொல்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் அதோடு சூசன் கிளாஸ்பெலின் நாடகத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். அந்த உவமை கழற்றிவிட்டு வந்த பண்ணை அந்த நாடகத்தில் இருக்கிறது.

அதற்கு முன் கில்ட் எப்படித் தைக்கப்படுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். நம் வீடுகளில் பழைய சேலைகளை மடித்து, மேலோட்டமாக ஓட்டுத் தையல் போட்டு, குழந்தைக்கு விரிப்பாக்குவோமே, அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் வேலை இரண்டு கட்டம். முதலில் வெட்டிய துணித்துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துச் சிறு சதுரங்களாக்கி, அந்தச் சதுரங்களை இணைத்து மேல்துணியை உண்டாக்குவது. பிறகு அந்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்து ஊடுருவத் தைப்பது. கில்ட்டிங் என்பது சரியாகச் சொன்னால் இந்த இரண்டாவது வேலைதான்.

முதல் வேலையை மடியில் வைத்துச் செய்யலாம். அடுப்பில் ஏதோ கொதிக்கும்போது நாலு தையல், குழந்தை தூங்கும்போது நாலு தையல். கூப்பிட்டால் எழுந்து போகலாம், வந்து விட்ட இடத்தில் தொடரலாம். இரண்டாவது வேலை அப்படியல்ல. போர்வை அகலத்துக்கு மரச்சட்டம் வேண்டும். அதை நிறுத்த இடம் வேண்டும். சுற்றி உட்கார நாலைந்து பெண்கள் வந்தால் நல்லது. சின்ன வீடுகளில் அந்தச் சட்டத்தை விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டார்கள். தைக்கும்போது கீழே இறக்குவார்கள். சாப்பாட்டு நேரமோ படுக்கும் நேரமோ வந்தால் மேலே ஏற்றிவிடுவார்கள். இடமும் நேரமும் இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருந்தது. ஊடுருவத் தைக்காமல், அங்கங்கே நூலைக் கோத்துத் தனித்தனி முடிச்சாகப் போட்டு அடுக்குகளை இறுக்கிவிடுவது. வேலை சீக்கிரம் முடியும், ஒருத்தியே செய்துவிடலாம்.

திறனாய்வு எடுத்துக்கொண்ட உவமை பெரும்பாலும் முதல் கட்டத்தைச் சேர்ந்தது. துண்டு, ஒட்டு, சேர்க்கை. அடுத்த கட்டத்துக்கு வேண்டிய நீண்ட நேரம், தனி இடம், துணைக்குப் பெண்கள் ஆகியவற்றைப் பற்றி அது அதிகம் பேசவில்லை. என் வகுப்பில் ஒரு மாணவி, விடிகாலையில் இரண்டு மாட்டில் பால் பீய்ச்சி, சொசைட்டியில் ஊற்றிவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறவள், கில்ட்டின் அழகியல் பற்றி நான் பேசி முடித்ததும் கேட்டாள்: "இதெல்லாம் எப்ப மேம் தச்சிருப்பாங்க?" இலக்கியக் கேள்வி இல்லை என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். எனக்கு அதைவிட நல்ல திறனாய்வுக் கேள்வி தெரியவில்லை.

ஹாரியட் பவர்ஸ் எப்போது தைத்தார்? 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு கணவரோடு சேர்ந்து நான்கு ஏக்கர் நிலம் வைத்திருந்தார். பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த அவருடைய கில்ட் 1886இல் ஏதென்ஸ் நகரப் பருத்திச் சந்தையில் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துப் பண்ணை நொடித்தபோது அவரே விற்க வந்தார். மாட்டுவண்டியில், மடியில் வைத்து, மாவு மூட்டைத் துணியில் பொதிந்து, அதன்மேல் சாக்கும் சுற்றிக் கொண்டுவந்தார். பத்து டாலர் கேட்டார். ஸ்மித்திடம் இருந்தது ஐந்து. காலம் கெட்டுக்கிடக்கிறது, வாங்கிக்கொள் என்று கணவர் சொன்னதால் கொடுத்தார். கொடுப்பதற்குமுன் ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். பிறகு அந்தப் போர்வையைப் பார்ப்பதற்காகவே பலமுறை அந்த வீட்டுக்குப் போனார். இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையில் 'சமநிலை' எங்கே இருக்கிறது? ஒரு தட்டில் நிலம், இன்னொரு தட்டில் போர்வை. நிலம் ஆட்டம் கண்டபோது போர்வை இறங்கிப் போயிற்று. பெண்ணின் கலை குடும்பத்துக்கு இடையில் நடக்க அனுமதிக்கப்படுவதில் அது அவசரத்துக்குப் பணமாகும் என்ற கணக்கும் ஒளிந்திருக்கிறது. நகைக்கும் அதே கதிதானே என்று யாராவது கேட்கலாம். நகையைப் போய்ப் பார்த்துவிட்டு வர யாரும் அடகுக்கடைக்கு நடப்பதில்லை.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்தில் இன்னொரு விதம். மிசௌரி பெட்வே 1942இல், இறந்துபோன கணவரின் வயல் உடுப்புகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொன்னதாக மகள் ஆர்லன்சியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பருத்திக்காட்டு உழைப்பில் வெளுத்த துணியே அங்கு வண்ணம். இங்கே பண்ணை ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம் என்று பிரிக்கவே முடியாது. இதைப் பார்த்துவிட்டு மாடர்ன் ஆர்ட் என்று மட்டும் சொல்லி நகர்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

இனி கிளாஸ்பெல். 1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் இண்டியனோலா அருகே ஜான் ஹோசாக் என்ற விவசாயி படுக்கையிலேயே கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி மார்கரெட் கைதானார். ஒன்பது பிள்ளைகளின் தாய். டிமாயின் நகர நாளிதழ் ஒன்றின் இளம் நிருபராக அந்த வழக்கைத் தொடர்ந்து எழுதியவர் சூசன் கிளாஸ்பெல். 1901இல் மார்கரெட்டுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1903இல் நடந்த மறுவிசாரணையில் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கிளாஸ்பெல் பத்திரிகை வேலையை விட்டுப் போனார். சிறையிலிருந்த பெண்ணின் சமையலறைக்குள் காலெடுத்துவைத்த நினைவு மட்டும் அவரை விடவில்லை. 1916இல் அதிலிருந்து 'டிரைஃபிள்ஸ்' என்ற ஓரங்க நாடகம் வந்தது. தமிழில் 'அற்பங்கள்' எனலாம். மறு ஆண்டே அதைச் சிறுகதையாகவும் எழுதினார்.

நாடகத்தில் அவர் செய்த மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. கோடரி கயிறாயிற்று. ஒன்பது பிள்ளைகள் காணாமல் போனார்கள். மின்னி ரைட் பிள்ளையில்லாதவள். ஏன் அப்படிச் செய்தார்? பிள்ளைகள் இருந்திருந்தால் வாசகர்கள் அவளைத் தாயாகப் பார்த்து இரங்கியிருப்பார்கள். அந்த இரக்கத்தைக் கிளாஸ்பெல் நமக்குத் தர மறுக்கிறார் என்றே நினைக்கிறேன். பிள்ளைகளை எடுத்துவிட்டால் பண்ணைக் குடும்பத்தில் மனைவி என்பவள் யார் என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. அடுப்பு, வாளி, துடைக்கும் துணி, பேசாத ஒரு மனிதன். பிள்ளைகள் இருந்த இடத்தில் அவர் ஒரு கில்ட்டையும் ஒரு பறவையையும் வைத்தார்.

கதை தெரிந்ததுதான். ஜான் ரைட் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தான். மனைவி காவலில். ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், பக்கத்துப் பண்ணைக்காரர் மூவரும் தடயம் தேடி மாடிக்கும் தொழுவத்துக்கும் போய்வருகிறார்கள். ஷெரிஃபின் மனைவி மிஸஸ் பீட்டர்ஸும் பக்கத்துப் பண்ணைக்காரி மிஸஸ் ஹேலும் சமையலறையிலேயே இருக்கிறார்கள். சிறுகதை மிஸஸ் ஹேலின் வீட்டில், பாதி சலித்த மாவோடு தொடங்குகிறது. அவசரமாகக் கூப்பிட்டதால் போட்டது போட்டபடி கிளம்புகிறாள். மின்னியின் சமையலறையிலும் மேசை பாதிதான் துடைத்திருக்கிறது, சர்க்கரை பாதிதான் கொட்டியிருக்கிறது. ஆண்களுக்கு இது சுத்தமில்லாத வீடு. மிஸஸ் ஹேலுக்கு அது நடுவில் நின்றுபோன வேலை. வேலை நடுவில் நிற்பது எப்படியிருக்கும் என்பது தெரிந்தவளால்தான் அந்த அறையை வாசிக்க முடிகிறது. துண்டுபட்ட நேரத்தைக் கிளாஸ்பெல் அழகாக்கவில்லை, சாட்சியமாக்குகிறார்.

தையல் கூடையில் துண்டுத்துணிச் சதுரங்கள். லாக் கேபின் என்கிற மரவீட்டு வடிவம். நடுவில் சிறு சதுரம், சுற்றிலும் நீளவாட்டில் துணிப்பட்டைகள். இவள் இதை ஊடுருவத் தைக்கப்போகிறாளா, முடிச்சுப் போடப்போகிறாளா என்று இருவரும் யோசிக்கும்போது ஆண்கள் வந்து சிரிக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த முடிச்சுக்கும் கொலைக் கயிற்றின் முடிச்சுக்கும் ஒரே சொல். நாடகத்தின் கடைசிப் பதில் அதில்தான் தொங்குகிறது. விமர்சனங்கள் இந்தச் சிலேடையை ஆவலோடு எடுத்துப் பேசியிருக்கின்றன. நான் இன்னும் ஒரு படி எளிமையாகக் கேட்பேன்: மின்னி ஏன் முடிச்சைத் தேர்ந்தெடுத்திருப்பாள்? சட்டத்தைச் சுற்றி உட்கார அந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை. மிஸஸ் ஹேலே ஓராண்டுக்கு மேலாகப் போகவில்லை. அருகில்தான் வீடு, ஆனால் அவளுக்கும் பண்ணை இருந்தது. ஒரு பண்ணையின் வேலை இன்னொரு பண்ணையின் தனிமையை உண்டாக்குகிறது. அவளுடைய குற்றவுணர்வு முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது.

சதுரங்களில் ஒன்று மட்டும் தாறுமாறாகத் தைக்கப்பட்டிருக்கிறது. மற்றவை ஒழுங்கு. அந்த ஒன்றில் ஊசி எங்கெங்கோ போயிருக்கிறது. மிஸஸ் ஹேல் அதைப் பார்த்ததும், பேசிக்கொண்டே நூலைப் பிரிக்கிறாள். ஊசியைக் கோத்துச் சரியாகத் தைக்க ஆரம்பிக்கிறாள். மிஸஸ் பீட்டர்ஸ் பதறுகிறாள். பிறகுதான் கழுத்து முறிக்கப்பட்ட பாட்டுப் பறவை பெட்டியில் அகப்படுகிறது. அதையும் மறைத்துவிடுகிறார்கள். அயோவாவில் அப்போது பெண்கள் ஜூரியில் உட்கார முடியாது. சமையலறையே ஜூரி அறையாகிறது.

பெண்களின் தோழமைக்கு உதாரணமாக இந்த இடத்தை நாம் கற்பிக்கிறோம். தோழமைதான், மறுக்கவில்லை. ஆனால் பிரிக்கப்பட்டது எது என்றும் பார்க்க வேண்டும். மின்னி மேடைக்கு வருவதே இல்லை. அவளுடைய ஒரு சொல்கூட நேரடியாக நம் காதில் விழுவதில்லை. பண்ணை வீட்டில் அவள் செய்த மற்றதெல்லாம் தின்று தீர்ந்தது, அழுக்காகித் துவைக்கப்பட்டது. செர்ரிப்பழப் புட்டிகள்கூட, ஒன்று தவிர, குளிரில் வெடித்துவிட்டன. அவள் கையெழுத்து என்று மிஞ்சியது அந்தக் கோணல் சதுரம் ஒன்றுதான். அதைத்தான் தோழி பிரித்து, எல்லாரும் தைப்பதுபோல் தைக்கிறாள். அவளைக் காப்பாற்ற அவள் சொன்னதை அழிக்கவேண்டியிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் படாமலிருக்க அவள் மறுபடியும் நல்ல இல்லத்தரசியின் தையலுக்குள் போயாக வேண்டும்.

துண்டுகளைக் கொண்டாடும் அழகியலுக்கு இந்தக் காட்சியைச் செரிப்பது கடினம். ஏனென்றால் அந்த அழகியலுக்குக் கில்ட்டில் எல்லாத் தையலும் ஒழுங்காக இருக்க வேண்டும். இடையூறு வந்தது தெரியக் கூடாது, இடையூறை வென்றது மட்டும் தெரிய வேண்டும். பின்னட்டை வாக்கியம் கேட்பதும் இதையே. நடுவில் கை நடுங்கிய பக்கம் தொகுப்பில் இருந்தால் நாமே, பெண் வாசகர்களாகிய நாமே, அன்போடு அதைத் திருத்தச் சொல்கிறோம். என் மாணவியரின் கவிதைகளில் நானும் அந்த நூலைப் பிரிக்கிறேன். சில சமயம் அது வேண்டியும் இருக்கிறது, அவர்கள் வீட்டில் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கிளாஸ்பெல் இந்தக் காட்சியில் தீர்ப்புச் சொல்லவில்லை. மிஸஸ் ஹேலைப் பெரியவளாக்கவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. மோசமான தையலைப் பார்த்தால் கை பரபரக்கும் என்பதுபோல ஒரு சாக்கை மட்டும் அவளுக்குக் கொடுக்கிறார். 1916 ஆகஸ்டில், மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டௌன் துறையில் ஒரு பழைய மரக்கொட்டகையில் அந்த நாடகம் முதன்முதலில் நடந்தபோது, மிஸஸ் ஹேலாக மேடையில் உட்கார்ந்து அந்தச் சதுரத்தைப் பிரித்தவர் சூசன் கிளாஸ்பெல்.