தன் கணக்கைத் தானே ஆடிட் பண்ணலாமா?

ஆவடிக்கு அந்தப் பக்கம் வெள்ளானூரில் இருக்கிற நண்பரின் மகன் நாவல் எழுதியிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரவழைத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்ட 412 பக்கங்களைக் கையில் கொடுத்தான். "படிச்சுட்டு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க அங்கிள். எதையும் வெட்டச் சொல்லாதீங்க."

டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தாத்தா, அவரைப் பார்த்து வளரும் பேரன். நல்ல கதை. ஆனால், அது 61-ஆம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதுவரை மழை பெய்கிறது. சொன்னதும் பையன் முகம் தொங்கிவிட்டது.

நான் பி.காம். படித்தவன். அதில் இன்றைக்கும் மறக்காத பாடம், கணக்கு எழுதியவரே அதை ஆடிட் பண்ணக் கூடாது என்பது. திருடுவார் என்ற சந்தேகம் மட்டுமில்லை. தன் தப்பு தன் கண்ணுக்குப் படாது. எழுத்திலும் அதே கதைதான். நாமோ எடிட்டிங் என்றால் 'க்', 'ப்' சரிபார்க்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது புரூஃப் பார்ப்பது. அதையாவது ஒழுங்காகச் செய்கிறோமா என்பது வேறு விஷயம்.

'க்ரியா' ராமகிருஷ்ணன் அப்படி நினைக்கவில்லை. 1974-ல் தொடங்கிய அவருடைய பதிப்பகத்தில், எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாக விவாதிப்பது புத்தகம் போடுவதில் ஒரு பகுதி. இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' (1994) அங்கிருந்து வந்தது. 2020-ன் சாகித்ய அகாதமி விருது பெற்ற 'செல்லாத பணம்' நாவலும்தான். அந்த வருஷம் நவம்பரில் கொரோனா ராமகிருஷ்ணனைக் கொண்டுபோய்விட்டது.

பையன் விடவில்லை. "எடிட்டர் கதையையே கொன்னுட்டா?"

நியாயமான கேள்வி. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் சிறுகதைத் தொகுப்பில் பாதிக்கு மேல் வெட்டித் தள்ளினார் எடிட்டர் கார்டன் லிஷ். பதறிப்போன கார்வர், 'புத்தகத்தை நிறுத்துங்கள்' என்று 1980 ஜூலையில் கெஞ்சிக் கடிதம் எழுதினார். நிற்கவில்லை. 1981-ல் வெளிவந்து பெரும் புகழும் வாங்கிக்கொடுத்தது!

அதில் ஒரு கதை. பையனின் பிறந்தநாளுக்கு அம்மா கேக் ஆர்டர் கொடுக்கிறாள். பையன் மீது கார் மோதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். லிஷ் வெட்டிய வடிவத்தில் போன் அடிக்கிறது, யாரோ பேசுகிறார்கள், பையன் கதி தெரியாமலே கதை முடிந்துவிடுகிறது. கார்வர் எழுதியதில் பையன் இறந்துபோகிறான். கேக்கை வாங்கிப் போகவில்லை என்று போனில் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர், விஷயம் தெரிந்ததும் பெற்றோரை உட்காரவைத்துச் சுடச்சுட பன் கொடுக்கிறார். ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1983-ல் அடுத்த தொகுப்பில் இந்த முடிவைக் கார்வர் திரும்பக் கொண்டுவந்தார். என் ஓட்டு கார்வருக்குத்தான். அந்த பன்னைப் பிடுங்க எந்த எடிட்டருக்கும் உரிமை கிடையாது. ஆனால், அதே தொகுப்பில் வேறு சில கதைகள் லிஷ் கை பட்டதால்தான் நிமிர்ந்து நிற்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பையனிடம் சொன்னேன்: "வெட்டினதைத் தூக்கிப் போடாதே. தனி ஃபைல்ல வை. ஒரு மாசம் கழிச்சு, மீதியைச் சத்தமா படி. எது இல்லாம மனசு அடிச்சுக்குதோ, அதுக்காகச் சண்டை போடு. மத்ததை விட்டுடு."

போன வாரம் போன் பண்ணினான். அறுபது பக்க மழை நாலு பக்கமாகிவிட்டதாம். ஆனால், தாத்தா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தன் டிபன் பாக்ஸைத் தானே கழுவி வைக்கிற இரண்டு பக்கத்தைத் தொடவே விடமாட்டேன் என்கிறான். அதை வெட்டச் சொன்னது நான்தான். மறுபடி படித்துப் பார்க்க வேண்டும்.