காலை நிறமும் மாலை நிறமும்

விடுமுறை நாளிலும் மாலை வேளையிலும் ஆண்கள் அணியும் சாதாரண உடைகளுக்கு எந்த நிற ஷூ பொருந்தும் என்று சொல்லிக்கொடுக்கக் கைபேசிச் செயலிகள் பல வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றை, ஓராண்டுச் சந்தா கட்டிப் பெற்று, தென்மேற்குப் பருவமழை தொடங்கியது முதல் சில வாரங்களாகச் சேரம்பாடியில் வைத்துப் பழகிப் பார்த்தபின், அதன் குணதோஷங்களைப் பற்றி எனக்கு உண்டாகியிருக்கும் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: அதற்கு வெள்ளை நிறத்தின்மேல் அளவு கடந்த பட்சபாதம். மற்ற குறைகள் எல்லாம் இந்த ஒன்றின் கிளைகளே.

செயலி வேலை செய்யும் விதத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று ஒரு படம் எடுத்தால், சட்டையையும் பேண்ட்டையும் தனித்தனியே பிரித்து, அவற்றின் வர்ணங்களைச் சிறு கட்டங்களாக நிறுத்தி, நம்மிடம் உள்ள ஷூக்களில் எது முதலிடம், எது இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தும். இல்லாத ஷூவை வாங்கச் சொல்லி ஒரு கடையையும் திறந்து காட்டும். வேகம் போதுமானது, பாட்டரியை வீணாக்குவதில்லை. இவ்வளவும் இக்காலத்தில் எந்தச் செயலியும் செய்வதுதான் என்பதால் மேலே செல்கிறேன்.

ஆலிவ் பச்சைப் பேண்ட்டும் சந்தன நிறச் சட்டையும் அணிந்து கேட்டேன். வெள்ளை ஷூ என்றது. நீல ஜீன்ஸும் கறுப்பு டீ-ஷர்ட்டும் அணிந்து கேட்டேன், வெள்ளை என்றது. காக்கிப் பேண்ட்டுக்கும் வெள்ளை, சாம்பல் பேண்ட்டுக்கும் வெள்ளை; சாம்பலுக்கு மட்டும் ஏதோ சலுகை செய்வதுபோல, ஓரத்தில் ஒரு சாம்பல் கோடு ஓடிய வெள்ளை. இந்தப் பிடிவாதத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. வெள்ளை எந்த வர்ணத்தோடும் சண்டைக்குப் போகாத நிறம். டென்னிஸ் மைதானத்துப் புல்லின்மேல் பிறந்து, ஸ்டான் ஸ்மித் முதலிய ஆட்டக்காரர்களின் பெயரைத் தாங்கித் தெருவுக்கு வந்து, இன்று உலகெங்கும் ஜீன்ஸின் நிரந்தரத் துணையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டிரில் பீரியடுக்கு முன்னால் வெள்ளைக் கான்வாஸ் ஷூவில் சாக்பீஸைத் தேய்த்து அழுக்கை மறைத்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கும் அந்த நிறத்தின்மேல் ஒரு மரியாதை உண்டு. ஆனால் மரியாதை வேறு, மற்றவற்றுக்கெல்லாம் கதவை அடைப்பது வேறு.

இந்தப் பட்சபாதத்தின் ஒரு பாதிக்கு மூடுபனி காரணம் என்று ஊகிக்கிறேன். பனித்துளி ஒளியின் எல்லா வர்ணங்களையும் ஏறக்குறைய சமமாகவே சிதறடிப்பதால், நமக்கும் நாம் பார்க்கும் பொருளுக்கும் நடுவே ஒரு வெண்திரை விழுகிறது. வர்ணங்கள் எல்லாம் தம் செறிவை இழந்து சாம்பலின் பக்கம் சாய்கின்றன. வராந்தாவில் எடுத்த படத்தில் என் ஆலிவ் பேண்ட்டைச் செயலி சாம்பல் என்று வாசித்தது. அதே பேண்ட்டை இரவில் மஞ்சள் பல்பின் கீழ்ப் பழுப்பு என்றது. தேயிலைச் சரிவு முழுவதும் பின்னால் தெரியும்படி பகலில் நின்றபோது, செம்பழுப்பு என்றது. இந்த மூன்றாவது விந்தைக்கும் ஒரு காரணம் தோன்றுகிறது. படத்தில் உள்ள வர்ணங்களை எல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் சாம்பல்தான் வரவேண்டும் என்ற அனுமானம் காமிராவின் நிறச் சமனிலையில் ஒரு பழைய முறை; பின்னணி முழுவதும் பச்சையாக இருந்தால் அந்த முறை பச்சையைக் கழித்து, எல்லாவற்றின்மேலும் சிவப்பின் சாயலை ஏற்றிவிடும். தேயிலை நாட்டில் பின்னணி வேறெப்படி இருக்கும்?

ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் மாறித் தோன்றும் என்பது புதிய செய்தி அன்று. பாரிஸில் கோபெலின் நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல், கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று வந்த புகாரை விசாரித்து, குற்றம் சாயத்தில் இல்லை, அதன் பக்கத்தில் நெய்த நிறங்களில்தான் இருக்கிறது என்று கண்டு, அதை விளக்கி 1839-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். சட்டைக்கும் பேண்ட்டுக்கும் ஷூவுக்கும் உள்ள உறவைச் செயலி கணக்கிடுவது இந்த ஞானத்தின் வழிவந்ததே. ஆனால் ஷூவுக்கு மேலே பேண்ட் அண்டை என்றால் கீழே மண்ணும் அண்டை அல்லவா? அந்தக் கீழ் அண்டை செயலியின் சட்டகத்துக்குள் வருவதே இல்லை.

சேரம்பாடியின் மண் சிவப்பு. பந்தலூர் வட்டத்தில் கேரள எல்லையை ஒட்டி, மழை கொட்டும் சரிவில் அமைந்திருக்கும் இவ்வூரில், இரும்புத் துரு ஏறிய இந்த மண் ஜூன் முதல் செப்டம்பர் வரை குழம்பாகவே கிடக்கிறது. செயலி பணித்தபடி, கடைப் பசை வாசனை மாறாத வெள்ளைக் கான்வாஸ் ஷூவையும் அண்மையில் வாங்கிய கருநீல ஜீன்ஸையும் அணிந்து, சுங்கம் பஸ் நிறுத்தம் வரை மழையில் போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் கழற்றி வைத்துப் பார்த்தபோது, கணுக்காலைச் சுற்றி ஷூவின் மேல்விளிம்பில் ஒரு நீல வளையம். கீழே, அடிப்பாகத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு செந்நிறப் பட்டை. இரண்டுக்கும் நடுவே, எஞ்சிய வெள்ளை, ஏதோ ஒரு தேசத்தின் கொடிபோல. நீலம் ஜீன்ஸின் அவுரி: அச்சாயம் நூலின் உட்புறம் வரை ஊறாமல் மேற்பரப்பிலேயே தங்குவதால், நனைந்து உராய்ந்தால் பக்கத்தில் உள்ளதற்குத் தன்னைக் கொடுத்துவிடும். சிவப்பு இரும்பு: நெசவின் கண்ணுக்குள் புகுந்த அந்தத் துரு நீரில் கரையாது, சோப்புக்கு அசையாது, சலவைக் கடைப் பிளீச்சுக்கும் வழிவிடாது, ஆக்ஸாலிக் அமிலம் போன்ற ஒன்றுதான் அதைக் கரைக்கும். இத்தனை ரசாயனம் ஒரு மாலை நடைக்குத் தேவையா?

இங்கேதான் செயலியோடு எனக்குள்ள பிரதான விவாதம். கண்ணாடி முன் நிற்கும்போது ஷூவுக்கு உள்ளது காலை நிறம். வீடு திரும்பும்போது உள்ளது மாலை நிறம். பார்க்கிறவர்கள் பெரும்பகுதி நேரம் பார்ப்பது பின்னதைத்தான். ஆகவே உடைக்குப் பொருந்த வேண்டியது மாலை நிறமே. வெள்ளைக்கு இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மிக அதிகம். கறுப்பு மண்ணை ஓரளவு மறைக்கும். ஆனால் இங்குள்ள ஈரத்தில், அலமாரிக்குள் சிறு பல்பு ஒன்றை எரியவிடாத வீட்டில், அதன்மேல் சாம்பல் பூசணம் படர்ந்து, காலை நிறமே கறுப்பாக இருப்பதில்லை.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே கம்பெனியாரின் வானிலைச் செயலியை நான் பல ஆண்டுகளாக விசுவாசத்தோடு வைத்திருக்கிறேன். அந்த விசுவாசம்தான் என்னை இந்தச் சந்தாவுக்குள் இழுத்தது. மேகம் எங்கள் சரிவை எப்போது தொடும் என்று அது சொல்லும் சோதிடம் பெரும்பாலும் பலிக்கிறது. அது 'கனமழை' என்று அறிவித்துக்கொண்டிருக்கும் அதே கைபேசியில், அதே கணக்கில், பக்கத்துச் செயலி வெள்ளை ஷூவைச் சிபாரிசு செய்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை போலும்.

வேட்டி விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் சந்தா வசூலிக்கும் ஒரு செயலி, கரை வேட்டியைப் பார்த்து அதைப் பெண்களின் நீண்ட பாவாடை இனத்தில் சேர்த்து, அதற்குக் குதிகால் உயர்ந்த செருப்பைக் காட்டுவது மன்னிக்கத்தக்கது அன்று. லுங்கியும் முண்டும் சர்வ சாதாரணமாக நடமாடும் எல்லை ஊரில் இது பெரிய ஊனம். தோல் செருப்பு என்ற ஒரு வகையையே அது அறியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, நியாயமாக அதன் புகழையும் பேச வேண்டும். அமைப்புகளின் ஆழத்தில், மூன்று திரைகளுக்கு அப்பால், 'நிறத்தை விலக்கு' என்று ஒரு பொத்தான் ஒளிந்திருக்கிறது. அதில் வெள்ளையை விலக்கிவிட்டால், அதே செயலி சட்டென்று விவேகியாகிவிடுகிறது. கருநீலப் பேண்ட்டுக்கு இளம்பழுப்பு, ஆலிவுக்குச் சாக்லேட் பழுப்பு, சாம்பலுக்கு மாதுளைத் தோல்போல் இருண்ட செம்பழுப்பு என்று, பழுப்பு என்ற ஒரே பெயருக்குள் இத்தனை பேதங்களை அது நிதானமாகப் பிரித்துக்காட்டுவது உண்மையான ரசிகத்தன்மை. காக்கிப் பேண்ட்டுக்கு அதே காக்கி நிற ஷூவைக் காட்டினால் அது மறுத்து, பேண்ட்டைவிட இரண்டு படி இருண்டதைக் கேட்கிறது. வர்ணத்தைவிட வெளுப்புக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளியே முக்கியம் என்ற இந்தப் பாடம், சந்தாத் தொகையின் பாதிக்காவது ஈடாகும்.

பழுப்பின்மேல் எனக்குள்ள பற்றுக்கு வெறும் ருசி காரணம் அன்று. ஆவாரம்பட்டையால் பதனிட்ட சென்னை ராஜதானித் தோல் ஒரு காலத்தில் கடல் கடந்து பெயர் வாங்கியது. நீலகிரியின் மேட்டு நிலத்தில் இன்று வேண்டாத அந்நிய மரமாகக் கருதப்பட்டு வெட்டப்படும் சீகையும், தோல் பதனிடும் பட்டைக்காகவே வனத்துறையாரால் வளர்க்கப்பட்டது. குரோமியத்தில் பதனிட்ட தோல் வெளிறிய நீலமாக வெளிவந்து, பிறகு சாயத்தால் தன் நிறத்தைப் பெறுகிறது. பட்டையில் பதனிட்ட தோலுக்கோ பழுப்பே சுபாவ நிறம். வெயிலும் எண்ணெயும் கைபட்ட இடமும் அதை மேலும் பழுப்பாக்குகின்றன. அதன் மாலை நிறம் காலை நிறத்துக்குத் தங்கை. செம்மண் தெறித்தாலும் குடும்பத்துக்குள் நடந்த சிறு சச்சரவாகவே முடிந்துவிடும். நாட்டுப்புறத்துக்குப் பழுப்பு, நகரத்துக்குக் கறுப்பு என்பது ஆங்கிலேயரின் பழைய ஆசாரம். லண்டன் முதலீட்டு வங்கிகளில் சூட்டுக்குப் பழுப்பு ஷூ அணிந்து நேர்காணலுக்கு வருவது வேட்பாளருக்குப் பாதகமாகலாம் என்று, பிரிட்டனில் சமூக முன்னேற்றத்துக்கான ஆணையம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அந்த அநீதி மலைக்கு எட்டாதது நம் அதிர்ஷ்டம்.

வெள்ளை ஷூவுக்கு இவ்வூரில் கிராக்கி இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தரத் தொடங்கிய அரசு தேயிலைத் தோட்டங்களின் பிரிவுகள் இங்கே உண்டு. கம்பூட்டில் கொழுந்து மலை ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் வெள்ளை ஷூ அணிந்துதான் போகிறார்கள். அவர்களில் ஒரு பையன் பஸ் நிறுத்தத்தில் ரப்பர் செருப்போடு, கையில் பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு நின்றான். கவருக்குள் ஜோடி ஷூ, பால்போல் வெள்ளை. "இங்க போட்டா செவந்துரும்ண்ணே. பஸ்ஸுல ஏறி உக்காந்துதான் மாத்துவேன்" என்றான். காலை நிறம், மாலை நிறம் என்று நான் இத்தனை பத்திகளில் விஸ்தாரமாகச் சொன்ன தத்துவத்தை, அவன் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தான்.

என் தீர்ப்பு இதுதான். தார்ச்சாலையும் நடைபாதையும் உள்ள நகரவாசிகள், வேட்டி கட்டாத பட்சத்தில், இந்தச் செயலியைத் தாராளமாக வாங்கலாம். கூடலூர், பந்தலூர், வால்பாறை போன்ற மழைநாட்டார் வாங்கினால், முதல் வேலையாக மேற்சொன்ன பொத்தானைத் தேடி வெள்ளையை விலக்கிவிட வேண்டும். படத்தை ஜன்னலுக்கு எதிரே நின்று, தேயிலை பின்னால் தெரியாதபடி, பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். கம்பெனியார் அடுத்த பதிப்பில் செய்யவேண்டியவை இரண்டே: வானிலைச் செயலியிடம் இன்று மழை உண்டா என்று கேட்பது, உடுத்தவரிடம், எந்த மண்ணில் நடக்கப்போகிறீர்கள் என்று கேட்பது. அவை வரும்வரை சந்தாவைப் புதுப்பிக்கப்போவதில்லை. வானிலைச் செயலியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். எந்த ஷூவை எடுப்பது என்பதற்குச் சேரம்பாடியில் அதுவே போதும்.