பாறையில் பிறந்த அடைமொழி
செங்குத்தாய்ப் பிளவுண்டு, கூர்முனைகள் துருத்தி நிற்கும் பாறை நிலத்தை வர்ணிக்க ஆங்கிலேயர் கையாளும் ‘கிராகி’ என்னும் விசேஷணம், பாறையைக் குறிக்க வேல்ஸ் நாட்டார் வழங்கும் ‘கிரைக்’, அயர்லாந்தார் வழங்கும் ‘கரிக்’ ஆகிய கெல்டியச் சொற்களோடு உறவு பூண்டது. எடின்பரோ நகரின் நடுவே எழும் ‘சாலிஸ்பரி கிராக்ஸ்’ என்ற கற்சுவரை அண்மையில் நின்று நோக்குவோர்க்கு அதன் சுவாரஸ்யம் விளங்கும். பூமியின் கர்ப்பத்தில் உருகிய குழம்பு, பழைய படிவப் பாறையைப் பெயர்த்துக்கொண்டு உட்புகுந்து இறுகிய அடையாளத்தை, 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஹட்டன் என்ற பூகர்ப்ப சாஸ்திரி அங்கேதான் கண்டறிந்தார். காற்றும் வெயிலும் செதுக்கிய கிழவர் முகத்துக்கும் இவ்வடைமொழியைச் சூட்டுகிறார்களே, அதில் பரிகாசத்தைவிட மரியாதையே அதிகம்.