எல்லோருக்கும் ஒரே எடிசன்

திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடையில் சுயமுன்னேற்ற மாத இதழ் ஒன்றின் பன்னிரண்டு இதழ்களைச் சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். கட்டு அறுபது ரூபாய். பிரித்துத் தர முடியாது என்றார் கடைக்காரர். வெற்றியைச் சில்லறையில் கொடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது. வாங்கி வந்து இரண்டு வாரமாக, விளம்பரம் உட்பட முழுக்கப் படித்து முடித்தேன். இதழின் பெயர் வேண்டாம். நடத்துகிறவர்கள் கைக்காசு போட்டு நடத்துகிறார்கள் என்பது தாளைத் தொட்டுப் பார்த்தாலே தெரிகிறது.

இந்த மாதிரி இதழ்களை நீங்கள் எங்கிருந்து படிப்பீர்களோ, நான் கட்டுரையின் கடைசி வரியிலிருந்து ஆரம்பிப்பேன். அங்கேதான் பொடி எழுத்தில் எழுதியவர் யார் என்று போட்டிருக்கும். பன்னிரண்டு இதழ்களில் நான் சந்தித்தவர்கள்: ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், குழந்தை மருத்துவர், சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு பேராசிரியர்கள், ஆடிட்டர், ஜவுளி ஏஜென்ட், யோகா ஆசிரியை, லேத் பட்டறை வைத்திருப்பவர், கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், 'பயிற்றுநர்' என்று மட்டும் போட்டுக்கொண்ட ஆறு பேர். இத்தனை தினுசான ஆட்களை ஒரே அட்டைக்குள் உட்கார வைக்க நம் இலக்கியப் பத்திரிகைகளால் ஆகாது. அங்கே எழுத்தாளர்கள்தான் எழுதுகிறார்கள்.

அப்புறம்தான் சிக்கல். அந்தப் பொடி எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கட்டுரையைப் படித்துப் பாருங்கள். எழுதியது டாக்டரா, போலீஸா, ஜவுளிக்காரரா? வீட்டில் இதை ஒரு விளையாட்டாகவே ஆடினோம். மனைவி வாசிக்க, நான் சொல்ல வேண்டும். பத்துக்கு இரண்டுதான் தேறியது. அதில் ஒன்று, எஃப்.ஐ.ஆர். என்ற வார்த்தை வந்துவிட்டதால்.

எல்லோரும் இலக்கை நிர்ணயிக்கிறார்கள். எல்லோருக்கும் கழுகு மேகத்துக்கு மேலே பறக்கிறது. தாமஸ் ஆல்வா எடிசன் மட்டும் ஏழு கட்டுரைகளில் வருகிறார். பல்பு கண்டுபிடிக்கும் முன் அவர் ஒரு கட்டுரையில் 999 முறை தோற்கிறார், இன்னொன்றில் ஆயிரம், வேறொன்றில் பத்தாயிரம். இதில் ஒருவர் ஆடிட்டர்.

எனக்கு மனசு கேட்காமல் போனது வங்கி மேலாளர் விஷயத்தில். அவர் கட்டுரை இப்படி ஆரம்பிக்கிறது: கிளையில் ஜூன் முதல் வாரம் நகைக் கடன் கவுன்ட்டரில் கூட்டம் தாங்காது, பள்ளிக்கூட ஃபீஸ். முதல் தடவை அடகு வைக்க வருகிறவர்கள் நகையைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வருவார்கள். வழக்கமாக வருகிறவர்கள் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். ஆறு வரி. எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. முப்பது வருஷம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி அல்லவா இது? ஏழாவது வரியில் 'எடிசன் ஒருமுறை...' என்று ஆரம்பித்துவிட்டார். கைக்குட்டை அப்புறம் திரும்பி வரவே இல்லை.

எடிசனை நிஜமாகவே நேரில் சந்தித்து, இதே ரகப் பத்திரிகைக்கு எழுதிய ஒருவர் உண்டு. அவர் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

ஓரிசன் ஸ்வெட் மார்டன் என்ற அமெரிக்கர் 1897-ல் 'சக்ஸஸ்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். சுயமுன்னேற்ற இதழ்களுக்கெல்லாம் கொள்ளுத் தாத்தா என்று சொல்லலாம். மார்டனின் பின்னணியே ஒரு நாவலுக்குக் காணும். சின்ன வயசில் தாய் தகப்பன் இரண்டு பேரும் போய், பண்ணை வீடுகளில் எடுபிடியாக வளர்ந்தவர். பரணில் கிடைத்த சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ஃப் ஹெல்ப்' புத்தகத்தைப் படித்து மாறினாராம். (ஸ்மைல்ஸும் லேசுப்பட்டவர் இல்லை, டாக்டராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் ரயில்வே கம்பெனி செயலாளராகவும் இருந்தவர்.) மார்டன் மருத்துவம் படித்தார், சட்டம் படித்தார், ஓட்டல்கள் நடத்தினார், நொடித்துப் போனார். இதற்கு நடுவில் ஓட்டல் தீப்பிடித்து, எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியும் எரிந்துபோக, மறுபடி உட்கார்ந்து எழுதினார் என்கிறார்கள். இப்படிப்பட்ட மனிதர் 1894-ல் வெளியிட்ட முதல் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் மற்ற பெரிய மனிதர்களின் கதைகள்.

இந்த 'சக்ஸஸ்' பத்திரிகை, வெற்றி பெற்ற மனிதர்களைப் பேட்டி காண ஒரு இளைஞரை அனுப்பியது. ஏழை ஜெர்மானியக் குடும்பத்துப் பிள்ளை, ஊர் ஊராக நிருபர் வேலை பார்த்தவர். 1898-ல் எடிசன், அப்புறம் இறைச்சி அதிபர் ஆர்மர், கடை அதிபர் மார்ஷல் ஃபீல்டு, எஃகு அதிபர் கார்னகி என்று வரிசையாக எழுதினார். பெயர் தியோடர் டிரைசர். ஆம், அதே டிரைசர்தான். அமெரிக்க நாவலைத் தரைக்கு இறக்கியவர்.

1900-ல் அவருடைய முதல் நாவல் 'சிஸ்டர் கேரி' வந்தது. அதில் ஹர்ஸ்ட்வுட் என்றொரு பாத்திரம். சிகாகோவில் மினுமினுப்பான மதுக்கூடத்தின் மேலாளர், நல்ல உடுப்பு, நல்ல சிரிப்பு. ஒரு ராத்திரி முதலாளியின் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். நியூயார்க்கில் படிப்படியாக, ஒரு டாலர் ஒரு டாலராக இறங்கி, பிச்சை எடுத்து, மலிவு விடுதி அறையில் கேஸைத் திறந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். இலக்கு, விடாமுயற்சி, தன்னம்பிக்கை எதுவும் அவரைத் தூக்கி நிறுத்துவதில்லை. ஒரு மனுஷன் செய்தித்தாளோடு நாற்காலியில் சாய்ந்து கிடப்பதை இப்படி எழுதினவர், அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் கோடீசுவரர்களிடம் 'உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?' என்று நோட்டுப் புத்தகமும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

நாவல் முதல் பதிப்பில் ஐந்நூறு பிரதிகூட விற்கவில்லை. டிரைசர் நொறுங்கிப் போனார். 1903-ல் புரூக்ளினில் ஒண்டுக் குடித்தன அறை, கையில் காசில்லை, ஆற்றில் விழுந்துவிடலாமா என்ற யோசனை. பாட்டெழுதிச் சம்பாதித்த அண்ணன் வந்து மீட்டார். ரயில்வேயில் கூலி வேலை செய்து உடம்பைத் தேற்றிக்கொண்டார். அவர் எடுத்த பேட்டிகளில் சில, அதற்குள் மார்டன் பெயரில் வந்த புத்தகங்களில் ஏறிவிட்டிருந்தன. டிரைசர் பெயரே இல்லாமல்!

டிரைசருக்குப் பெயர் போயிற்று. நம்மவர்களுக்குப் பெயர் பத்திரமாக, போட்டோவுடன் இருக்கிறது. போவது மற்றதெல்லாம். அதை யாரும் பிடுங்கவும் இல்லை. செருப்பை வாசலில் விடுகிற மாதிரி, தொழிலைக் கட்டுரைக்கு வெளியே விட்டுவிட்டு மரியாதையாக உள்ளே வருகிறார்கள். தாம் பார்த்ததைச் சொன்னால் யார் மதிப்பார்கள் என்ற கூச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். எல்லோரும் இப்படி இல்லை. எம்.எஸ்.உதயமூர்த்தி அமெரிக்காவில் ஆசிரியராகவும் தொழில் செய்பவராகவும் இருந்தவர். அவருடைய 'எண்ணங்கள்' நம் அப்பாக்களின் அலமாரியில் இருந்ததற்கு அந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

ஆறு பயிற்றுநர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர்கள் எழுதுவது கட்டுரையே இல்லை, விசிட்டிங் கார்டு. செல்போன் நம்பர் இருக்கிறதே, பிடித்தால் கூப்பிடுங்கள்.

கட்டில் உருப்படியான கட்டுரை ஒன்று இருந்தது. எட்டாவது இதழ், ராசிக்கல் விளம்பரத்துக்குப் பக்கத்தில். லேத் பட்டறைக்காரர் எழுதியது. ஒரு பெரிய ஆர்டரை நம்பிக் கடன் வாங்கி இரண்டாவது மெஷின் போட்டது, ஆர்டர் நின்றது, பையன்கள் நாலு பேரில் யாரை நிறுத்துவது என்று தூங்காமல் கிடந்தது, கடைசியில் நன்றாக வேலை தெரிந்தவனையே நிறுத்தியது. அவனுக்குத்தான் வேறு இடத்தில் உடனே வேலை கிடைக்கும் என்று. இது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் புரியவில்லை என்று முடித்திருந்தார். அவருக்கு எடிசன் தேவைப்படவில்லை. படித்துவிட்டு நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன், சரியா தப்பா என்று. நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

ஆசையாகப் பத்தாவது இதழைப் புரட்டினால் அவரே மறுபடி எழுதியிருக்கிறார். கூடவே புது போட்டோ, கோட்டு சூட்டு. தலைப்பு: 'தோல்வியே வெற்றியின் முதல் படி'. மூன்றாவது பத்தியில் பல்பு எரிந்துவிட்டது.

அந்த வங்கி மேலாளர் தற்செயலாக இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். ஜூன் மாதத்தைப் பற்றி இன்னும் நாலு பக்கம் எழுதுங்கள் சார். கைக்குட்டையில் முடிந்து வந்தவர்கள் நகையை மீட்டார்களா?